கவிழ்த்து வைத்த மாத்திரைக் கவர்

மாத்திரைக் கவரைச் சுகந்தி கவிழ்த்துத்தான் வைத்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்து ஸ்டூலில், சொம்புத் தண்ணீருக்கும் தைலப் புட்டிக்கும் நடுவில், எழுதின பக்கம் கீழே போகும்படி. நிமிர்த்தி வைத்தால் அந்தக் கையெழுத்து தெரியும், அந்தக் கையெழுத்தில் தன் புருஷன் பெயர் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே மாத்திரையை விழுங்கினால் சளி குறையுமோ இல்லையோ வயிற்றெரிச்சல் கூடும். மணி இரண்டேகால். வெளியே உடுமலைப்பேட்டை முழுக்க நசநசவென்று மழை. மூக்கு இரண்டும் அடைத்துப்போய் வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள், நாக்கு காய்ந்து கிடந்தது, நெற்றியைத் தொட்டால் கை சுட்டது, கையே சுடுகிறதா நெற்றி சுடுகிறதா என்று தெரியவில்லை, இரண்டும் அவளுடையதாகவே இருந்து தொலைத்ததால் யாரைக் கேட்பது. கவரைத் திருப்பாமலே அதன் வாயைக் கிள்ளி மாத்திரைகளை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போட்டாகிவிட்டது. மூன்று தரம் அப்படிச் செய்தாகிவிட்டது. வயிற்றில் இருப்பதற்குப் பதினோரு வாரம். போன வருஷம் இருந்ததற்கு ஒன்பது வாரத்தோடு ஆயுசு முடிந்துவிட்டது. அதனால் இந்தப் பதினோரு வாரத்தில் அவள் பப்பாளி இருக்கிற தெருப்பக்கம்கூடப் போகவில்லை, மாடிப்படியில் எண்ணி எண்ணி இறங்கினாள், தும்மல் வந்தால் அடிவயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு தும்மினாள். இப்போது இந்த மாத்திரை. போடலாமா, கூடாதா. போட்டு ஏதாவது ஆகிவிட்டால்? போடாமல் காய்ச்சல் ஏறி அதனால் ஏதாவது ஆகிவிட்டால்? இதைச் சொல்லக்கூடிய ஆள் ஊரிலேயே ஒருத்திதான், கவருக்குள் என்ன வைத்தோம் என்று தெரிந்தவள். அவளிடம் போய்க் கேட்பதைவிட மூச்சு முட்டிச் சாகலாம் என்று சுகந்தி நினைத்தாள், உடனே சாகலாம் என்று நினைத்ததற்காக வயிற்றைத் தடவி, உன்னைச் சொல்லலை, என்று அதனிடம் சொன்னாள்.

கடைக்குப் போனதே தப்பு. பஸ் ஸ்டாண்டு மெடிக்கலுக்குப் போயிருக்க வேண்டும். இந்த மழையில் அவ்வளவு தூரம் நடக்க முடியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தெருமுனை மெடிக்கலுக்குப் போனாள், அதுவும் முழு உண்மை இல்லை, ஒரு வருஷமாக அந்தப் பக்கம் தலைகாட்டாமல் இருந்ததில் அந்த முகம் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்க்க ஒரு அரிப்பு. இருந்தது, அப்படியேதான் இருந்தது. முப்பத்துநாலு வயசு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதே மாதிரி ஒற்றைப் பின்னல், காதில் சொருகின பேனா, கண்ணாடி மேசைக்குப் பின்னால் அதே நிதானம். சளிக்கு ஒரு செட்டு குடுங்க்கா என்று சொன்னபோது குரல் மூக்குக்குள்ளிருந்து வந்தது. செட்டு என்றால் எல்லாருக்கும் தெரியும். வெள்ளையில் ஒன்று, மஞ்சளில் ஒன்று, சிவப்பில் ஒன்று, அட்டையைக் கத்தரியால் வெட்டி ஒன்றாகக் கவரில் போட்டுத் தருவார்கள், ஒரு வேளைக்கு ஒரு செட்டு, பெயர் எதற்கு, சளி போனால் சரி. "யாருக்குங்க சுகந்தி?" என்றாள் பிரேமலதா. அங்கேதான் நாக்கு புரண்டது. "அவருக்குத்தானுங்க்கா." யோசித்துச் சொன்ன பொய் இல்லை, வாயில் காத்துக்கொண்டிருந்த பொய். அஞ்சு மாசம் முடியற வரைக்கும் வெளியில மூச்சு விடப்படாது, அந்த மெடிக்கல்காரிகிட்ட மட்டும் சாகற வரைக்கும் சொல்லப்படாது என்று மாமியார் பொள்ளாச்சியிலிருந்து போன் போட்டுச் சொல்லியிருந்தாள். மாமியார் சொல்லாவிட்டாலும் சுகந்தி சொல்லியிருக்க மாட்டாள். "தண்டபாணிக்கா?" என்று பிரேமலதா கேட்டாள். தண்டபாணிக்கா! உங்க வீட்டுக்காரருக்கா என்று கேட்கலாம், அண்ணனுக்கா என்று கேட்கலாம், சும்மா அவருக்கா என்றாவது கேட்கலாம். பெயரை முழுசாக, வெல்லக்கட்டியை வாயில் போட்டுக்கொண்டது போல. "ஆமாங்க." "காய்ச்சல் அடிக்குதுங்களா?" "லேசா அடிக்குதுன்னு சொன்னாருங்க," என்று சொல்லும்போதே சுகந்திக்குத் தும்மல் வந்துவிட்டது, ஒன்று இல்லை, மூன்று, கண்ணாடி மேசையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கின கையைக் கடைசி நிமிஷத்தில் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு. கத்தரியைக் கையில் எடுத்த பிரேமலதா ஒரு நொடி நின்றாள். பிறகு, "காத்தாடி ஏறற ஆளுக்குத் தூக்கம் வர்ற மாத்திரை ஆகாதுங்க, நான் பார்த்துத் தர்றேன்," என்று சொல்லிவிட்டு, கையெட்டும் தூரத்திலிருந்த டப்பாக்களை விட்டுவிட்டு உள்ளே போய் மேல் அலமாரியில் எதையோ தேடினாள்.

காத்தாடி ஏறுகிற ஆள். தண்டபாணி காற்றாலைக் கம்பெனியில் மெக்கானிக், மடத்துக்குளம் பக்கம் ஏழெட்டுக் காற்றாலை அவன் பொறுப்பு, ஏணியில் ஏறி உச்சிக்குப் போனால் போன்கூட எடுக்க மாட்டான். தூக்கம் வருகிற மாத்திரை அவனுக்கு ஆகாது என்று சுகந்திக்குத் தோன்றியதே இல்லை. நாலு வருஷமாக ஒரே பாயில் படுக்கிறாள், அவன் குறட்டைக்கு ஒரு தாளம் இருக்கிறது என்று தெரியும், ரசத்தில் பூண்டு கூடினால் முகம் சுளிப்பான் என்று தெரியும், இது தெரியவில்லை. அந்தக் கடைக்காரிக்குத் தெரிந்திருக்கிறது. யாரைக் கேட்டாலும் அப்படித்தான், பிரேமலதாவுக்கு எல்லாம் தெரியும், தெருவில் யாருக்குச் சர்க்கரை எத்தனை, யாருக்கு மாசாமாசம் வலி, யார் தூங்க மாத்திரை போடுகிறார்கள், எல்லாரும் அந்தக் கண்ணாடி மேசை மேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தி அவளிடம் சொல்லிவிட்டுப் போகிறார்கள். சுகந்தியிடம் இதுவரை யாரும் சாய்ந்து ஒரு ரகசியம் சொன்னதில்லை. தண்டபாணியும் சாய்வான், அவள் பார்த்திருக்கிறாள், கல்யாணமான புதிதில், முதுகு வலிக்குத் தைலம் வாங்கப் போய்ப் பத்து நிமிஷம். எதுன்னாலும் பிரேமலதாவைக் கேளு, டாக்டரே வேண்டாம் என்பான். பிரேமலதா என்று ஒரு எழுத்தைக்கூட விழுங்காமல் சொல்வான். சுகந்தியைக் கூப்பிடுவது அம்மிணி என்று. அக்கா மகளையும் அம்மிணி என்றுதான் கூப்பிடுவான், வீட்டு ஓனர் பசுமாட்டையும் அம்மிணி நகரு என்றுதான் சொல்வான். கட்டின பெண்டாட்டிக்கும் பசுமாட்டுக்கும் ஒரே பெயர், மெடிக்கல்காரிக்கு மட்டும் அச்சடித்தது போல முழுப்பெயர்.

அதற்குக் காரணமும் உண்டு. சுகந்தி ஜாதகம் வருவதற்கு முன்னால் தண்டபாணிக்கு வந்தது பிரேமலதா ஜாதகம். கல்யாணமாகி மூன்றாம் மாசம் மாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே அதைச் சொன்னாள், ஏதோ போன தீபாவளிக்கு எடுக்காமல் விட்ட சேலையைப் பற்றிச் சொல்வது போல. பத்தில் மூணு பொருத்தம்கூட இல்லைன்னு ஜோசியர் சொல்லிட்டாரு, அத்தோட விட்டுட்டோம். அன்றைக்கு ராத்திரியே சுகந்தி அவனிடம் கேட்டாள், சிரித்துக்கொண்டே, விளையாட்டுக்குக் கேட்பது போல. உங்களுக்குப் பிடிச்சிருந்துச்சா? அவன், ஜாதகம் சேரலை அம்மிணி, என்றான். பிடிச்சிருந்துச்சான்னு கேட்டேன். அதான் சேரலைங்கறேனே. இந்த நாலு வருஷத்தில் அதை எத்தனை தினுசாகத் திருப்பித் திருப்பிக் கேட்டாலும் அதே பதில்தான். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. ஜோசியர் சொன்னார். வேண்டாம் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், மூக்கு சரியில்லை, உயரம் பத்தாது, மெடிக்கல் கடையில் நிற்கிற பெண் வேண்டாம், எதையாவது சொல்லியிருந்தால் சுகந்தி நிம்மதியாகத் தெருமுனையில் போய் அமிர்தாஞ்சன் வாங்குவாள். ஜோசியருக்கு அன்றைக்குக் கண் மங்கலாக இருந்திருந்தால், ஒரு கட்டத்தை மாற்றிப் பார்த்திருந்தால், இந்தக் கட்டிலில் இந்தத் தலையணையில் பிரேமலதா படுத்திருப்பாள், சளி பிடித்திருக்காது அவளுக்கு, பிடித்திருந்தாலும் எந்த மாத்திரை போடலாம் என்று தெரிந்திருக்கும். அந்த வயிற்றில் தங்கியிருக்கும். முதல் தடவையே தங்கியிருக்கும். இந்த இடத்துக்கு வந்ததும் சுகந்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள், சளியால் பாதி.

முதல் தடவை அவள் எதையும் மறைக்கவில்லை. கர்ப்பம் பார்க்கிற கார்டு வாங்கப் போனதே பிரேமலதாவிடம்தான். அப்போது ஒரு திமிர் இருந்தது, ஒத்துக்கொள்ள வேண்டும். மற்ற பெண்கள் அந்தக் கார்டைக் கேட்கும்போது கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து முணுமுணுப்பார்கள், இவள் இரண்டு பேர் பக்கத்தில் நிற்கும்போதே வாய் நிறையக் கேட்டாள், பார்த்துக்கொள், ஜோசியர் கொடுத்ததை நான் எப்படி நிறைவேற்றியிருக்கிறேன் என்று. பிரேமலதா கார்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டு, "நல்ல சேதியா இருக்கட்டுங்க," என்று சொல்லி இவள் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். அந்த விரல் குளிர்ந்திருந்தது. ஒன்பதாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, சமையலறையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தவளுக்கு இடுப்பில் ஒரு பிடிப்பு, அப்புறம் எல்லாம் முடிந்துபோனது. நீ ஒண்ணும் பண்ணலைம்மா, இப்படிச் சில நேரம் ஆகும், யாரு தப்பும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். யார் தப்பும் இல்லை என்றால் அதை எங்கே கொண்டுபோய் வைப்பது. கையில் வைத்துக்கொண்டு நாள்பூராவும் நிற்க முடியுமா. மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுவிட்டு, யாரு கண்ணோ என்றாள். சுகந்திக்கு ஒரு முகம் கிடைத்துவிட்டது. குளிர்ந்த விரல். கண்ணு வைத்தாள் என்று நினைத்தபோது அழுகை நின்றது, அது உண்மை, கோபம் வந்து உட்கார்ந்த இடத்தில் அழுகைக்கு இடமில்லாமல் போனது. அதனால்தான் இந்தத் தடவை கார்டைத் தண்டபாணியே பஸ் ஸ்டாண்டு பக்கம் வாங்கி வந்தான். வயிற்றில் இருப்பதற்கென்று ராத்திரி போடுகிற ஃபோலிக் மாத்திரையும் அங்கிருந்துதான். கவரைக்கூட வீட்டுக்குள் கொண்டு வராமல் மாத்திரையை மட்டும் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்து, சாப்பாடு முடிந்ததும் ஒன்று எடுத்துத் தண்ணீரோடு நீட்டுவான். அம்மிணி, இதைப் போட்டுக்க. பிரேமலதா பெயரை அவன் எடுத்தே ஒரு வருஷம் ஆகிறது. எனக்காகத்தான், என்று அவள் பெருமைப்பட்டாள். அந்தப் பெருமையை வெளியில் யாரிடமும் சொல்ல முடியவில்லை என்பதுதான் ஒரே குறை.

மறுபடி கவரின் வாயைக் கிள்ளினாள். நாலு மாத்திரை. நாலும் வெள்ளை. அதற்குத்தான் மனசு அடித்துக்கொள்கிறது. செட்டு என்றால் மஞ்சள் எங்கே, சிவப்பு எங்கே? தூக்கம் வருவது சிவப்பு, சரி, எடுத்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்வோம், மஞ்சள் என்ன பாவம் செய்தது? வெட்டின அட்டையின் பின்பக்கம் வெள்ளிக் காகிதத்தில் மருந்தின் பெயர் இல்லை, அதைச் செய்த கம்பெனியின் முகவரியில் பாதி இருந்தது, ஏதோ தொழிற்பேட்டை, இரண்டாம் தெரு. கடிதம் போட்டுக் கேட்கலாம். மேல் அலமாரியில் தேடி எடுத்தாளே, அப்படி என்ன கிடைக்காத சரக்கு. தண்டபாணிக்கு என்று ஸ்பெஷலாக. ஒருவேளை, என்று ஆரம்பித்த எண்ணத்தைச் சுகந்தி அங்கேயே பிடித்து நிறுத்தினாள், அது நிற்கவில்லை. ஒருவேளை அவளுக்குச் சந்தேகம் வந்திருந்தால்? மூன்று தும்மலைப் பார்த்தாள். முந்தானைக்குள் போன கையையும் பார்த்திருப்பாள். பார்த்துவிட்டு, ஓகோ என்று நினைத்து, மேல் அலமாரிக்குப் போய்? சீ. ஒரு பெண் அப்படிச் செய்வாளா. செய்ய மாட்டாள். ஏன் செய்ய மாட்டாள்? அவள் இடத்தில் நானாக இருந்தால், கல்யாணமே ஆகாமல் அந்தக் கண்ணாடி மேசைக்குப் பின்னால் வருஷக்கணக்கில் நின்று, எனக்கு வந்த ஜாதகத்தைக் கட்டிக்கொண்டவள் வந்து சளிக்கு மருந்து கேட்டால், நான் என்ன செய்வேன்? இந்தக் கேள்விக்குச் சுகந்திக்கு உடனே பதில் வரவில்லை. வராததைப் பார்த்து அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. விஷம் கொடுக்க மாட்டேன், என்று கொஞ்ச நேரம் கழித்துச் சொல்லிக்கொண்டாள். ஆனால் அவருக்கு என்று பொய் சொல்லிக் கேட்டால், அவருக்கு உள்ளதைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருப்பேன். நீதானே அவருக்கு என்றாய். சும்மா இருப்பது என்ன குற்றம்.

டாக்டரம்மா கிளினிக்குக்குப் போன் போட்டாயிற்று. அம்மா கோயம்புத்தூர் கல்யாணத்துக்குப் போயிருக்காங்க, நாளைக்கு வாங்க என்றது ஒரு குரல். இங்கே இருக்கிற நர்ஸையாவது கேட்டுச் சொல்லுங்க என்றால், மாத்திரை பேரு என்னங்க என்று கேட்டது. பேரு இல்லைங்க, வெள்ளையா இருக்குது. எல்லா மாத்திரையும் வெள்ளைதானுங்க என்று சொல்லிப் போன் வைத்துவிட்டது. போனில் தேடிப் பார்த்தாயிற்று. ஒரு வீடியோவில் ஒருத்தி பத்து நிமிஷம் பேசிக் கடைசியில் உங்க டாக்டரைக் கேளுங்க என்றாள். இன்னொருத்தி மாத்திரையே ஆகாது, மிளகு போதும் என்றாள். நடுநடுவே குழந்தைக்கு டயப்பர் விளம்பரம், தொப்புள் தெரியச் சிரிக்கிற கொழுகொழுக் குழந்தை, அதைத் தள்ளிவிடவும் மனசில்லாமல் பார்க்கவும் பயந்து போனைக் கவிழ்த்தாள். அப்புறம் தாராபுரத்தில் அம்மா. "மாத்திரையெல்லாம் எதுக்கு கண்ணு, மிளகுக் கஷாயம் வெச்சுக் குடி." "மிளகு சூடுன்னு நீதானம்மா போன தடவை சொன்ன." "ஆமா சூடுதான். அப்ப குடிக்காத." "காய்ச்சல் அடிக்குதும்மா." "ஐயோ, காய்ச்சலை விடப்படாது கண்ணு, உள்ள இருக்கறதுக்கு ஆகாது. ஒரு மாத்திரை போட்டுரு." "எந்த மாத்திரைம்மா?" "அந்த மெடிக்கல்ல ஒரு பொண்ணு இருக்குதுல்ல, விவரமான பொண்ணு, அதைக் கேளேன்." அம்மாவுமா! சுகந்தி சரிம்மா என்று வைத்துவிட்டாள். அடுப்பில் ஆவி பிடிக்கப் போட்ட தண்ணீர் கொதித்துக் கொதித்து அரைப் பாத்திரம் ஆகியிருந்தது. துண்டைப் போர்த்திக்கொண்டு முகத்தைக் காட்டினாள், ஒரு மூக்கு மட்டும் திறந்தது, திறந்த மூக்கு வழியாகக் கண்ணீரும் சேர்ந்து வந்தது. துண்டுக்குள் இருட்டாக, கதகதப்பாக இருந்தது. உனக்கும் இப்படித்தான் இருக்குமா, என்று கேட்டாள். மூணு மணிக்கு மேல் நெற்றி இன்னும் சுட்டது, கைகால் குடைச்சல் எடுத்தது, இப்போது சந்தேகமில்லை, காய்ச்சல்தான்.

நடந்து போனால் மூன்று நிமிஷம். போன் போட்டால் அதுவும் வேண்டாம். அக்கா, அது அவருக்கு இல்லை, எனக்கு. அவ்வளவுதான் வாக்கியம். அதைச் சொன்னால் அடுத்து என்ன கேட்பாள்? எத்தனை மாசம்? சொன்னதும் அந்தக் குரல் கொஞ்சம் தாழும், நல்ல சேதி என்று சொல்லும், சொல்லும்போது அவள் மனதுக்குள் என்ன ஓடும் என்று இவளுக்குத் தெரியாது, அதை நினைத்து நினைத்து இனிமேல் இருபத்தொன்பது வாரம் தூங்காமல் கிடக்க வேண்டும். சொல்லாமல் விட்டால்? அந்த வியாழக்கிழமை ஞாபகம் வந்தது, தோசைக்கல்லில் கருகின வாசனையோடு வந்தது. யாரோ கண்ணு வைத்தார்கள் என்று இந்தத் தடவை சொல்ல முடியாது. கேட்கக் கூச்சப்பட்டுக் கேட்காமல் விட்டேன் என்றுதான் சொல்லவேண்டி வரும். கூச்சம்கூட இல்லை, பொறாமை. பொறாமையால் கேட்காமல் விட்டேன் என்று இதனிடம் எப்படிச் சொல்வது? போடி, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு சுகந்தி எழுந்து உட்கார்ந்தாள். கண்ணு வைத்தால் வைக்கட்டும். சுற்றிப் போட உப்பு இருக்கிறது வீட்டில். கடை நம்பர் அவள் போனில் இல்லை, ஒரு வருஷத்துக்கு முன்னால் ஒரு வேகத்தில் அழித்துவிட்டாள். கவரில் அச்சடித்திருக்கும், அந்தப் பக்கம். பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தப் பெயரைப் பார்க்கத் தயாராகி, கவரைத் திருப்பினாள்.

சுகந்தி, என்று எழுதியிருந்தது. உருண்டை உருண்டையான எழுத்தில், நோயாளியின் பெயர் எழுதுகிற கோட்டின் மேல், ஒரு எழுத்தும் குறையாமல். அதன் கீழே பொடியாக நாலு வரி. பாரசிட்டமால் மட்டும்தான் வைத்திருக்கிறேன். காய்ச்சல் இருந்தால் மட்டும் ஒன்று. ஆறு மணி நேரத்துக்குள் அடுத்தது வேண்டாம், நாளைக்கும் காய்ச்சல் இருந்தால் டாக்டரம்மாவைப் பார்த்துவிடவும். பயப்பட வேண்டாம். சுகந்தி அதைப் படித்தாள், மறுபடி முதலிலிருந்து படித்தாள். டாக்டரம்மா. கடையில் சொன்னபோதே கேட்டது, நாளைக்கும் விடலைன்னா அவரை டாக்டரம்மாகிட்டக் கூட்டிட்டுப் போயிருங்க என்று. பிரசவம் பார்க்கிற டாக்டரம்மாவிடம் காற்றாலை மெக்கானிக்கை ஏன் கூட்டிப் போக வேண்டும் என்று இந்த மரமண்டைக்கு அப்போது தோன்றவில்லை, தண்டபாணி என்ற அஞ்செழுத்தைத் தவிர எதுவும் காதில் ஏறவில்லை. கை தானாக நம்பரை அழுத்திவிட்டது. "சொல்லுங்க சுகந்தி, காய்ச்சல் விட்டுச்சுங்களா?" பின்னால் யாரோ சர்க்கரை மாத்திரை கேட்டுக்கொண்டிருந்தார்கள். "எனக்குன்னு எப்படிங்க்கா தெரியும்?" "நீங்கதானுங்களே தும்முனீங்க." "அது இல்லைங்க்கா. இன்னொண்ணு." பிரேமலதா நடந்து உள்ளே போகிற செருப்புச் சத்தம் கேட்டது. "ஃபோலிக் மாத்திரை ஆறு வாரமா நம்ம கடையிலதானுங்க வாங்கிட்டுப் போறாரு. நான் குடுத்ததுன்னு தெரிஞ்சா நீங்க போட மாட்டீங்கன்னு அவருக்குப் பயமுங்க, கவர்கூட வேண்டாம்னு வெறுங்கையிலதான் கொண்டுபோவாரு. எனக்குச் சங்கடமாத்தான் இருந்துச்சு, ஆனா போன தடவைக்கப்புறம் நீங்க கடைப்பக்கமே வரலை, என்னைப் பத்தி என்ன நினைச்சீங்கன்னு எனக்கும் தெரியுமுங்க." சுகந்தி போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "இன்னைக்கு நீங்களே வந்து, அவருக்குன்னு சொன்னீங்க. சரி, அவருக்குன்னே இருக்கட்டும், நாமளும் அப்படியே பேசுவோம்னு பேசிட்டு உங்களுக்கு ஆகறதை வெச்சேன். கவரைப் பார்த்ததும் தெரிஞ்சுக்குவீங்கன்னு நினைச்சேன். இப்பத்தான் பார்த்தீங்களா?" சுகந்தி மூக்கை உறிஞ்சினாள். "போட்டுக்கங்க. நல்லா இருங்க," என்றாள் பிரேமலதா, வைத்துவிட்டாள்.

ஆறு வாரம், நாற்பத்திரண்டு ராத்திரி. யார் கை பட்டால் ஆகாது என்று தெருவைச் சுற்றிக்கொண்டு நடந்தாளோ அந்தக் கை எடுத்துக் கொடுத்ததைத்தான் ஒரு நாள் விடாமல் விழுங்கியிருக்கிறாள், அதைத் தின்றுதான் இது ஒன்பதாவது வாரத்தைத் தாண்டியிருக்கிறது. அழுகை வந்தது, நல்ல அழுகைதான், பிழைத்தோம் என்கிற அழுகை, மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீரை அண்ணாந்து ஊற்றிக்கொண்டாள், தொண்டையில் இறங்குவதை நின்று உணர்ந்தாள். இனி ஒன்றும் ஆகாது. இறங்கி முடிப்பதற்குள்ளேயே அடுத்தது வந்துவிட்டது. ஆறு வாரம் என்றால் கார்டு பார்த்த அதே வாரம். அம்மாவுக்கு அவள் சொன்னதே ஒரு மாசம் கழித்து. மாமியாருக்கு அதற்கும் பிறகு. முதலில் போய் அங்கே சொல்லியிருக்கிறான். எப்படிச் சொன்னான்? ஏணியிலிருந்து இறங்கின அழுக்குக் கையோடு அந்தக் கண்ணாடி மேசை மேல் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, சிரித்தானா, பயந்தானா, பிரேமலதா என்று ஆரம்பித்தானா? முதல் குழந்தை போனதைப் பற்றி இவளிடம் ஒரு நாளும் வாய் திறக்காதவன் அவளிடம் பேசியிருப்பான். சுகந்தி இப்படி, என்று சொல்லியிருப்பான், பொறாமைக்காரி என்று சொல்லியிருக்க மாட்டான், பயந்த சுபாவம் என்று சொல்லியிருப்பான், அது இன்னும் மோசம். அவளும் புரிந்துகொண்டு தலையாட்டியிருப்பாள். நல்லவளாக வேறு இருந்து தொலைக்கிறாள். கெட்டவளாக இருந்தால் எவ்வளவு சௌகரியம். கண்ணு வைத்தாள் என்று ஒரு வருஷமாகக் கையில் பிடித்துக்கொண்டிருந்ததும் இப்போது இல்லை, அந்த இடம் வெறுமையாக வலித்தது.

நாலு மணி சுமாருக்குப் போன் அடித்தது. தண்டபாணி. பின்னால் காற்று இரைந்தது, இப்போதுதான் கீழே இறங்கியிருப்பான். "அம்மிணி, சளி எப்படி இருக்குது?" "இருக்குதுங்க." "காய்ச்சல் கீய்ச்சல்?" "அடிச்சுதுங்க. மாத்திரை போட்டுட்டேன்." "மாத்திரையா? என்ன மாத்திரை? பார்த்துப் போடணும் நீயி, கண்டதையும் போடப்படாது." அவன் குரலில் நிஜமான பதற்றம் இருந்தது, அதைக் கேட்டதும் அவளுக்கு இளகிக்கூட வந்தது, ஒரு கணம் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் போல இருந்தது. "எங்க வாங்குன?" என்று கேட்டான், ஒன்றுமே தெரியாதவன் போல. சுகந்தி ஸ்டூலைப் பார்த்தாள். கவர் நிமிர்ந்து கிடந்தது, அவள் பெயரோடு. "பஸ் ஸ்டாண்டுலதானுங்க." "இந்த மழையில பஸ் ஸ்டாண்டு வரைக்குமா போன? அங்க எந்தக் கடை?"

"நீங்க ஆறு வாரமா வாங்கறீங்களே," என்றாள் சுகந்தி, "அந்தக் கடையிலதானுங்க."

அந்தப் பக்கம் காற்றாலை சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவள் போனை வைக்காமல், அவன் என்ன சொல்லப்போகிறான் என்று காத்துக்கொண்டிருந்தாள்.